கிரியாட்டினின் 1.2 நார்மல்தானே, "சிஸ்பிளாட்டின் ஆகாது" என்கிறார்களே?

வெண்தாள்:
ஆண், வயது 68, எடை 60 கிலோ. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் நிணநீர் முடிச்சுக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியிருக்கிறது. மருந்துச் சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை. மூன்றாம் கட்ட ஆய்வு ஒன்றில் சேர்க்கலாமா என்று பார்க்கிறோம். கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்த அளவு) 1.2, லேப் தாளில் நார்மல் என்றே இருக்கிறது. ஆய்வுக்குழுவோ கீமோ மருந்தான சிஸ்பிளாட்டினுக்குத் தகுதியில்லை, அதற்கு மாற்றான கார்போபிளாட்டின்தான் என்கிறது. இது எப்படி? இன்னொன்று, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்யும் குலுக்கலில் வெறும் பிளாசிபோ (மருந்தில்லாத போலி) விழுந்துவிடுமா? ஸ்கிரீனிங்குக்கு (தகுதிச் சோதனைக்கு) போகுமுன் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

நெஃப்ரான்:
லேப் தாளில் உள்ள நார்மலை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. வயதாகி உடல் மெலிந்தவருக்குச் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்தாலும் எண் அழகாகவே இருக்கும். சிறுநீரகம் கிரியாட்டினினை வடிகட்டும் வேகத்தை (கிளியரன்ஸ்) மதிப்பிடும் காக்கிராஃப்ட்–கால்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 140-இலிருந்து வயதைக் கழித்தால் 72. அதை எடை 60-ஆல் பெருக்கினால் 4320. கீழே 72 × 1.2 = 86.4. வகுத்தால் நிமிடத்துக்கு 50 மி.லி. (பெண்ணாக இருந்தால் இதை 0.85-ஆல் பெருக்க வேண்டும்.) சிஸ்பிளாட்டினுக்கு வழக்கமான கீழ் எல்லை 60.

எண் மட்டும் காரணமாக இராது. நடமாட்ட நிலை ஈகாக் அளவில் (எண் கூடக்கூட மோசம்) 2 அல்லது அதற்கு மேல், கேட்புக் குறைவு இரண்டாம் நிலை, கைகால் நரம்பு மரப்பு இரண்டாம் நிலை, நடந்தாலே மூச்சு வாங்கும் மூன்றாம் வகுப்பு இதயச் செயலிழப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் சிஸ்பிளாட்டின் கிடையாது.

ஆனால் அந்த 50-ஐ அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். எடை சரியாக எடுத்ததா, பழைய அட்டையிலிருந்து எழுதியதா? ரத்தம் எடுத்த வாரத்தில் வலி மாத்திரை டைக்ளோஃபெனாக் ஓடிக்கொண்டிருந்ததா? தண்ணீர் குறைவாகக் குடித்தாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கிறதா? இந்த நோயில் அது சகஜம். 24 மணிநேரச் சிறுநீர் சேகரிப்பை ஏற்கும் ஆய்வுகளும் உண்டு. அதில் முதல் நாள் காலை வருவதைக் கொட்டிவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் வருவது வரை ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை கழிவறையில் போய்விட்டால் எண் பொய்யாகக் குறையும்.

குலுக்கல்:
பிளாசிபோ பயம் இங்கே பொருந்தாது. பரவிய நோயின் முதல் சிகிச்சையில் ஒப்பீட்டுப் பிரிவுக்கும் அந்நேரத்தின் தரமான மருந்து உண்டு. வெறும் பிளாசிபோ வருவது, ஒன்றும் கொடுக்காமல் கண்காணிப்பதே வழக்கமாக இருக்கும் இடத்தில்தான். சிறுநீரகப் புற்றுநோயை வெட்டி எடுத்தபின் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்துப் பார்த்த கீநோட்-564 அப்படிப்பட்டது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒப்பீட்டுப் பிரிவில் என்ன மருந்து? ஈவி-302 ஆய்வில் 886 பேர். என்ஃபோர்ட்டுமாப் வெடோட்டினும் பெம்ப்ரோலிசுமாபும் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 31.5 மாதம், கீமோ பெற்றவர்களுக்கு 16.1. இது 2023-இல் வெளிவந்த பிறகும் ஓர் ஆய்வு கீமோவை மட்டும் எதிரில் நிறுத்துகிறது என்றால், ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் கருத்து. ஈவி-302-இல் கிளியரன்ஸ் 30 இருந்தாலே சேரலாம் என்பதையும் கவனியுங்கள். ஆனால் என்ஃபோர்ட்டுமாப் சர்க்கரையை ஏற்றும், நரம்பை மரக்கச் செய்யும். அதனால் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களையும், நரம்பு மரப்பு ஏற்கெனவே இரண்டாம் நிலையில் இருந்தவர்களையும் அதில் சேர்க்கவில்லை.

எந்தப் பிரிவு என்று தெரிந்தபின் கோபித்துக்கொண்டு விலகுவதும் நடக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கான விஷன் ஆய்வில் தொடக்கத்தில் ஒப்பீட்டுப் பிரிவில் விழுந்தவர்களில் 56 சதவீதம் பேர் விலகிவிட்டார்கள். மையங்களுக்கு விளக்கிப் பயிற்சி கொடுத்த பிறகே அது சுமார் 16-ஆக இறங்கியது. இரண்டு பிரிவில் எது விழுந்தாலும் சரி என்று மனம் ஒப்பினால் மட்டும் சேருங்கள்.

பாரஃபின்:
கோப்பு பற்றி. புற்றிலிருந்து எடுத்து மெழுகில் பதித்த திசு மாதிரி எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்பதை இன்றே கண்டுபிடியுங்கள். தாமதம் பெரும்பாலும் அங்கேதான். கண்ணாடித் துண்டுகளாக முன்கூட்டியே வெட்டி வைக்கச் சொல்லாதீர்கள், நாள்பட்ட வெட்டுகளில் பிடி-எல்1 (புற்றில் தேடும் ஒரு புரதம்) சாயம் சரியாகப் பிடிக்காது. எலும்பிலிருந்து எடுத்த திசு வேண்டாம். அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கியிருந்தால் மரபணுச் சோதனைக்கு உதவாது.

ஸ்கேன் பொதுவாக 28 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அளக்கத்தக்க கட்டி கேட்டால், நிணநீர் முடிச்சு குறுக்கே 15 மி.மீ.யாவது தேவை. மற்ற இடங்களில் 10 மி.மீ. இடுப்பெலும்பு மட்டும் கணக்கில் வராது, மென்திசுக் கட்டி சேர்ந்திருந்தால் ஒழிய. வலிக்குக் கதிர்வீச்சு கொடுப்பதானால், அளவெடுக்க நினைக்கும் முடிச்சு அந்த வட்டத்துக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

பிரெட்னிசோலோன் தினம் 10 மி.கி.க்கு மேல் போனால் நோயெதிர்ப்பு மருந்து ஆய்வுகள் தடுக்கும். சாப்பிடும் மூலிகை மருந்தையும் சொல்லிவிடுங்கள். ஈரல் நொதி ஏறினால் காரணம் தெரியாமல் எல்லோரும் விழிப்பார்கள். முக்கியமாக, காத்திருக்கும்போது ஒரு டோஸ் கீமோ கொடுத்தாலும் 'சிகிச்சை பெறாதவர்' என்ற தகுதி போய்விடும். நோய் வேகமாக ஓடுகிறது என்று மருத்துவர் சொன்னால் ஆய்வை விட்டுவிட்டுச் சிகிச்சையைத் தொடங்குவதே சரி.

வெண்தாள்:
ஸ்கேன் அறிக்கையை மறுபடி படித்தேன். "இடது சிறுநீரகத்தில் மிதமான நீர் வீக்கம்" என்று ஒரு வரி இருக்கிறது.

நெஃப்ரான்:
அப்படியானால் சிறுநீர்க்குழாயில் அடைப்பு இருக்கலாம், முதலில் அதைத் திறக்க முடியுமா என்று கேளுங்கள். உள்ளே ஸ்டென்ட் வைக்கலாம். கட்டி அந்தக் குழாயின் வாயை மூடியிருந்தால் முதுகுப் பக்கமாகச் சிறுநீரகத்திலிருந்தே சிறுநீரை வெளியேற்றும் நெஃப்ராஸ்டமி குழாய். ஓரிரு வாரத்தில் கிரியாட்டினினை மறுபடி பாருங்கள், 50 மேலே வரலாம். தொற்று இருந்தால் அதுவும் அடங்கியாக வேண்டும். குலுக்கலுக்கு முன்பே குழுவிடம் இதைச் சொல்லுங்கள்: பல ஆய்வுகளில் சிஸ்பிளாட்டின் தகுதியை வைத்துத்தான் ஆட்களைப் பிரித்துக் குலுக்குகிறார்கள், பிறகு எண் ஏறினாலும் அந்தப் பதிவை மாற்ற மாட்டார்கள்.