நாணலை விட்டுவிடு, தம்பி

குழு: ஆச்சி வீட்டு உறவுகள்

சென்னைத் தம்பி (காலை 6:42): தாத்தாவின் திதியைப் பாபநாசத்தில் முடித்துவிட்டு, கல்லிடைக்குறிச்சியில் தாமிரபரணி ஆற்றங்கரைப் புதர்களைப் பொக்லைன் வைத்து அகற்றி, நூறு மரக்கன்றுகள் நடலாம் என்று நினைக்கிறேன். பெரியப்பா, தங்கள் கருத்து என்ன?

அம்பை பெரியப்பா (6:58): எண்ணம் நல்லது, பொக்லைன் மட்டும் வேண்டாம். நீ புதர் என்று சொல்வது நாணல். வெள்ளத்தில் கரை மண்ணைப் பிடித்து நிறுத்துவதும், மீன்குஞ்சுகள் ஒதுங்குவதும், நீர்நாய் மறைந்துகொள்வதும் அதனால்தான்.

பாளை அத்தை (7:05): நீர்நாய் இன்னும் இருக்கிறதா, அண்ணா? சிறுமியாக இருந்தபோது பார்த்தது.

அம்பை பெரியப்பா (7:11): இருக்கிறது, அம்மா. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய கெண்டை வகை மீன்கள்கூட உண்டு. அவற்றில் ஒன்றுக்கு 1954-லேயே அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

தென்காசி மாமா (7:20): தண்ணீர் மலையிலிருந்து வருகிறது. கரையில் நாணல் இருந்தால் என்ன, போனால் என்ன, அத்தான்?

அம்பை பெரியப்பா (7:34): மலையும் கரையும் ஒரே ஆறுதான், மாப்பிள்ளை. 1962-இல் முண்டந்துறையும் 1976-இல் களக்காடும் சரணாலயங்களாகி, 1988-இல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகமானதால்தான், சிங்கவால் குரங்கும் இருவாட்சியும் வாழும் அந்தச் சோலைக்காடு இன்றும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து, சேர்வலாறு, மணிமுத்தாறு போன்ற துணையாறுகளின் வழியே கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. மேலே காட்டைக் காத்துவிட்டு, கீழே கரையைச் சுரண்டினால் பாதி வேலைதான் ஆகும்.

தென்காசி மாமா (7:41): அந்த மலைமேல் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் காடாகிவிடும் என்கிறார்களே?

அம்பை பெரியப்பா (7:55): 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலம் அது, 2028-இல் குத்தகை முடிகிறது. ஆனால் தேயிலையை விட்டுவிட்டால் மட்டும் சோலை திரும்பிவிடாது, உண்ணிச்செடி என்ற களை முந்திக்கொள்ளும். களையெடுத்து, அந்த மலைக்குரிய மரங்களின் விதையை அங்கேயே பொறுக்கி நாற்றாக்கிப் பல ஆண்டுகள் காக்க வேண்டும். தலைமுறைகளாக அங்கே கொழுந்து கிள்ளியவர்களுக்கு அந்த வேலையைக் கொடுப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. மலையை அவர்களைவிட அறிந்தவர் யார்?

பாளை அத்தை (8:02): உண்மை. அவர்களை வெறுங்கையோடு இறக்கிவிடுவது பாவம்.

சென்னைத் தம்பி (8:10): பொக்லைன்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டேனே, பெரியப்பா!

அம்பை பெரியப்பா (8:16): திருப்பிக் கேள், தராவிட்டால் போகட்டும். நூறு கன்றும் வேண்டாம். மருது, நாவல், இலுப்பை, புங்கு என்று இருபது கன்றுகளை, நாணலுக்குப் பின்னால், மேட்டில், ஐப்பசி மழைக்கு முன்பு நடு. அடுத்த இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. இன்னொன்று, திதி முடிந்து குளித்ததும் உடுத்திய துணியை ஆற்றில் விடுவதை நம் வீட்டிலாவது நிறுத்த வேண்டும். பாபநாசத்தில் பாறை இடுக்கெல்லாம் வேட்டியும் சேலையுமாகச் சிக்கிக் கிடக்கிறது.

பாளை அத்தை (8:23): அது முறை அல்லவா, அண்ணா?

அம்பை பெரியப்பா (8:27): நம் அப்பா தம் தகப்பனாருக்குத் திதி கொடுத்தபோது, ஈர வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். நீயும் உடன் இருந்தாய்.

பாளை அத்தை (8:40): ஆமாம், நினைவு வந்துவிட்டது. ஈரத்துணிக்கு இரண்டு பெரிய பைகள் நான் எடுத்துவருகிறேன்.