ஜோ பரோவை எந்தச் சுற்றில் எடுப்பது?

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்:
மில்லில் வேலை பார்க்கும் பத்துப் பேர் அமெரிக்கக் கால்பந்து (NFL) ஃபேன்டசி லீக் ஆடுகிறோம்; சுற்றுக்கு ஒரு வீரராக எடுத்து, நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி. சின்சினாட்டி பெங்கால்ஸ் குவாட்டர்பேக் (பந்தை எறிகிற ஆள்) பரோவை ஐந்தாம் சுற்றில் எடுக்கலாமா? 2025-இல் இரண்டாம் வாரமே கால் பெருவிரல் போய், நவம்பர் கடைசியில்தான் திரும்பினார். திங்கள் விடியற்காலை ஒரு மணிக்கு எழுந்து பார்க்கிறவனுக்கு எரிச்சல் வராதா?

பழைய லயம்:
தம்பி, 2023-இல் வலது மணிக்கட்டு போனது. அடுத்த வருஷமே எறிந்து 4,918 கெஜம், 43 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது). இரண்டிலும் NFL-இல் அவர்தான் முதல். கை இன்னும் அதே கைதான். ஆனால் இன்னொரு குவாட்டர்பேக் லாமார் ஜாக்சன் மாதிரி ஓடிப் புள்ளி சேர்க்கமாட்டார், எறிந்தால்தான் உண்டு. எட்டாம் சுற்றுவரை பொறு.

மாமாக்கடை:
எட்டா? அவர் எறிகிற பந்தை ஜமார் சேஸ் பிடிக்கிற வரை மற்றவர்கள் அவ்வளவு தூரம் விடமாட்டார்கள் லா அண்ணே. ஆறில் எடு, பெஞ்சில் இன்னொரு குவாட்டர்பேக் வை.

செம்பனைக்காரன்:
சரி, ஆறு.