காசிமேடு சொந்தங்க குரூப்: சுதா வீட்டு சீரும் கேம் பெட்டியும்

மணி: எல்லாருக்கும் வணக்கம். சுதா அக்கா வீட்டு பால் காய்ச்சறதுக்கு இன்னும் பத்து நாளு. புடவை வேட்டி எடுத்தாச்சு. பசங்களுக்கு கேம் பெட்டி தர்றேன்னு வாக்கு குடுத்திருக்கேன். பிரவீண் பிஎஸ்5, அதான் சோனியோட பிளேஸ்டேஷன் 5, கேக்கறான். கடையில எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் காட்டி, விலை கம்மி, ரெண்டும் ஒன்னுதான்றாங்க. தினேஷு, இன்னாடா பண்ணலாம்?

பிரவீண்: பிஎஸ்5 மாமா 🙏🙏🙏

ஹரிணி: எதுனாலும் ரெண்டு கன்ட்ரோலர். இல்லன்னா அவனே புடிச்சுனு இருப்பான்

லதா அத்தை: தாய்மாமன் சீருக்கு பொட்டியா? குத்துவிளக்கு வைடா

குமார் சித்தப்பா: விளக்கு நான்தான் வாங்கறேன்னு போன மாசமே சொன்னேன் லதா. நீ படிக்கல

தினேஷ்: அண்ணே, ரெண்டும் ஒன்னு இல்ல. சீரிஸ் எஸ்ல டிஸ்க் போடற வாயே கிடையாது, பின்னாடி தனியா வாங்கியும் மாட்ட முடியாது. எல்லா கேமும் நெட்ல இறக்கணும். 512 ஜிபி மாடல்ல சிஸ்டம் போக 364 ஜிபிதான் நமக்கு. பெரிய கேம் ஒன்னே 100 ஜிபி தாண்டும். மூணு போட்டா ரொம்பிடும், தனியா ஸ்டோரேஜ் வாங்கலன்னா ஒன்ன அழிச்சாதான் இன்னொன்னு. 1 டிபி மாடல் இருக்கு, அது வேற விலை. ரேம் மெமரியும் எஸ்ல 10 ஜிபி, பிஎஸ்5லயும் பெரிய எக்ஸ்பாக்ஸான சீரிஸ் எக்ஸ்லயும் 16.

பிஎஸ்5 ஸ்லிம்ல ரெண்டு தினுசு: டிஸ்க், டிஜிட்டல். 2024 ஏப்ரல்ல இங்க இறங்கினப்போ ரெண்டுமே 1 டிபி, டிஸ்க் 54,990, டிஜிட்டல் 44,990. இப்ப விலை மாறியிருக்கும், கடையில கேட்டுக்கோ. டிஜிட்டல் வாங்கினாலும் பின்னாடி டிரைவ் வாங்கி மாட்டலாம். மாட்டின உடனே ஒரு வாட்டி நெட்டுல பதிவு ஆகணும், அது இல்லாம டிஸ்க் ஓடாது.

மணி: டிஸ்க் இருந்தா இன்னா லாபம்?

தினேஷ்: ஆடி முடிச்சா விக்கலாம், மாத்திக்கலாம், சொந்தத்துல குடுத்து வாங்கலாம். டிஜிட்டல்ல வாங்கினது அந்த அக்கவுண்டோட ஒட்டிக்கும், விக்கவே முடியாது. நம்ம சதீஷோட பிஎஸ்4 டிஸ்க்கெல்லாம் பீரோ மேல சும்மாதான் கெடக்குது. அது கிட்டத்தட்ட அத்தனையும் டிஸ்க் வெச்ச பிஎஸ்5ல ஓடும். ஆனா டிஸ்க் போட்டா நெட்டே வேணான்னு நெனைக்காதீங்க. கேம் உள்ள காப்பி ஆகித்தான் ஓடும், அப்டேட் தனியா இறங்கும், ஆடும்போது டிஸ்க் உள்ளயே இருக்கணும்.

சதீஷ்: என் டிஸ்க்க யாரு தர்றேன்னது

குமார் சித்தப்பா: தருவான். தர்றான்

சதீஷ்: அப்பா 😐

லதா அத்தை: சாப்பாடு எவ்ளோ பேருக்கு சொல்லியிருக்கீங்க

சுதா: 150 அத்தை. காலைல டிபன் மட்டும்

லதா அத்தை: மதியம் இல்லியா?!

பிரவீண்: அத்த பாட்டி பிளீஸ் இது முடியட்டும்

மணி: தினேஷு, எக்ஸ்பாக்ஸ்ல நல்லதே கெடையாதா?

தினேஷ்: நெறைய இருக்குண்ணே, நியாயமா சொல்லணும். சின்னது, 27.5 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம், 6.5 தடிமன். சத்தம் கம்மி. கரண்ட்டும் கம்மி: எஸ் ஆடும்போது 100 வாட்டுக்குள்ள, பிஎஸ்5 200 வாட் பக்கம் இழுக்கும். பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் அப்படியே வேலை செய்யும். பிஎஸ்4 கன்ட்ரோலர் பிஎஸ்5 கேமுக்கு ஆகாது, பிஎஸ்4 கேமுக்கு மட்டும்தான். ஆடிட்டு இருக்கும்போது நிறுத்திட்டு அப்புறம் வந்தா விட்ட இடத்துலயே தொடங்கற வசதி எக்ஸ்பாக்ஸ்ல ஜோரா இருக்கும், பிளக்க புடுங்கி மாட்டினாலும் நிக்கும். கேம் பாஸ்னு மாசச் சந்தா, ஒரு கட்டு கேம் கெடைக்கும். ஆனா சந்தா நின்னா கேமும் நின்னுடும். நம்ம பசங்க ஒரே கேம வருசக் கணக்கா ஆடறவங்க, அதுக்கு சந்தா வீண்.

கேம் பக்கம்: கிராண்ட் டூரிஸ்மோ 7 மாதிரி சோனி வீட்டு கேம் பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸ்ல வராது. எக்ஸ்பாக்ஸ் கேமுங்க இந்தப் பக்கம் வர ஆரம்பிச்சிருச்சு, ஃபோர்ஸா ஹொரைசன் 5 2025ல பிஎஸ்5க்கு வந்துச்சு. அதனால பிஎஸ்5 வாங்கினா இழக்கறது கம்மி.

பிரவீண்: ஜிடிஏ 6?

தினேஷ்: ரெண்டுக்கும்தான் அறிவிச்சிருக்காங்க

ஹரிணி: ஃபுட்பால்?

தினேஷ்: எஃப்சி ரெண்டுலயும் இருக்கு கண்ணு. ஒரே வீட்ல ரெண்டு பேர் ஆட சந்தா வேணாம், ரெண்டாவது கன்ட்ரோலர் மட்டும் வேணும். பெட்டியில ஒன்னுதான் வரும். வியாசர்பாடி ஃப்ரெண்ட்ஸோட ஆன்லைன்ல ஆடணும்னா பிஎஸ் பிளஸ் எசென்ஷியல்னு சந்தா கட்டணும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமுக்கு அது வேணாம்.

ஹரிணி: மாமா 2 கன்ட்ரோலர் எழுதிக்கோங்க ✍️

மணி: பட்ஜெட் எகிறுதே

குமார் சித்தப்பா: நான் 5 போடறேன். சதீஷ் கல்யாணத்துல மணி செஞ்சத நான் மறக்கல

லதா அத்தை: நான் செஞ்ச கட்டில மட்டும் எல்லாரும் மறந்துட்டீங்க

சுதா: அத்தை அந்த கட்டில்லதான் நான் இப்ப குந்திட்டு இருக்கேன். டேய் மணி, கடன் வாங்கி செய்யாத. பசங்க எதுக்கும் சந்தோசம்தான்

பிரவீண்: அம்மா

தினேஷ்: சுதாக்கா, ஒன்னு சொல்லுங்க. புது வீட்ல டிவி எது?

சுதா: அவரு 55 இஞ்ச் 4கே வாங்கலான்றாரு. இல்லன்னா பழைய 43ஏ மாட்டிடலாம். அது சும்மா ஃபுல் எச்டி

தினேஷ்: இதுதான் முக்கியம். பழைய 43 தான்னா சீரிஸ் எஸ் படமே கண்ணுக்குப் போதும், காசு மிச்சம். 4கே வந்தா எஸ் கொஞ்சம் மங்கலாத் தெரியும், பிஎஸ்5தான். டிவி வாங்கும்போது எச்.டி.எம்.ஐ 2.1 (படம் வர்ற ஒயர் சொருகற இடம்), 120 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 120 வாட்டி படம் மாறறது) இருக்கான்னு பாருங்க. இல்லன்னாலும் 60ல ஓடும், பயம் வேணாம். பெட்டியில வர்ற கேபிளையே போடுங்க, டிவில கேம் மோட் ஆன் பண்ணுங்க. பண்ணலன்னா பட்டன் அமுக்கினதுக்கு அப்புறம்தான் ஆளு குதிப்பான், பெட்டி மேல பழி வரும்.

மணி: ஆசாரி ஷோகேஸ் அடிச்சிட்டு இருக்காரு. கண்ணாடி கதவு போட்டு உள்ள வெச்சிடலாம்ல?

தினேஷ்: வேணாம்ணே!! கதவு போட்டா அது விட்ட சூட்ட அதுவே இழுக்கும். ஃபேன் கத்தும், அப்புறம் தானா அணையும். பிஎஸ்5 ஸ்லிம் 35.8 சென்டிமீட்டர் நீளம், 21.6 ஆழம், 9.6 உயரம். சுவத்துல இருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும். தட்டு ஆழம் 14 அங்குலத்துக்கு கொறையாம, முன்பக்கம் தொறந்து, பின்பலகை இல்லாம அடிக்கச் சொல்லு. படுக்க வைக்க ரெண்டு சின்ன பிளாஸ்டிக் கால் கூடவே வரும், அத தூக்கிப் போட்டுடாதீங்க. நிக்க வைக்கற ஸ்டாண்டு தனி விலை.

இன்னொன்னு, எச்.டி.எம்.ஐ போர்ட். உள்ள பொடிப் பொடியா 19 பின்னு. பெருக்கும்போது பெட்டிய இஸ்தா ஒயர் சாய்ஞ்சு ரெண்டு பின் உள்ள மடங்கும், லைட் எரியும், டிவில ஒன்னுமே வராது. போர்டுல இருந்து போர்ட்ட கழட்டி புதுசு வெச்சு பத்த வைக்கணும். அதனால ஒயர தொங்க விடாம தட்டோட ஒரு கிளிப் அடிச்சிடுங்க. கடல் பக்கம் வீடு, உப்புக் காத்து, எண்ணூர் சைடு தூசி வேற. மாசம் ஒரு வாட்டி பக்கத் தட்ட கழட்டி, தூசி சேர்ற ஓட்டைல வேக்குவம் புடிங்க. ஊதாதீங்க, உள்ள போயிடும். அதுக்கு மேல யாரும் பிரிக்க வேணாம், சில்லு மேல திரவ உலோகம் பூசியிருக்கும், சிந்தினா போர்டே காலி.

லதா அத்தை: இவ்ளோ இம்சையா இதுல

குமார் சித்தப்பா: கரண்ட் போனா?

தினேஷ்: அதுதான்பா அடுத்து. இன்வெர்ட்டர் பின்னாடி யூபிஎஸ், நார்மல்னு ஒரு சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ்ல இருக்கணும். நார்மல்ல இருந்தா மாறுற நேரத்துல பெட்டி அணைஞ்சு எரியும். இன்வெர்ட்டர் சீரான கரண்ட் தர்ற சைன் வேவ் தானான்னும் பாருங்க. பிரவீணு, ராத்திரி ரெஸ்ட் மோட்ல விடாத, முழுசா ஆஃப் பண்ணு. நடுவுல கரண்ட் புடுங்கி பெட்டி மக்கர் பண்ணா: ஆஃப்ல வெச்சு பவர் பட்டன ரெண்டாவது பீப் வர்ற வரைக்கும், ஒரு 7 செகண்டு, அமுக்கிப் புடி. கன்ட்ரோலர ஒயர்ல மாட்டி பிஎஸ் பட்டன தட்டு. சேஃப் மோட் வரும். கேஷ் (தற்காலிக ஃபைல்) அழிச்சு டேட்டாபேஸ் ரீபில்டு பண்றது மட்டும் எடு. ரீசெட் பக்கம் போவாத, எல்லாம் அழியும்.

பிரவீண்: ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டேன் மாமா

ஹரிணி: நான் தனி அக்கவுண்ட் வெச்சுக்கலாமா

தினேஷ்: வெச்சுக்கோ. அண்ணன் அக்கவுண்ட்ல கன்சோல் ஷேரிங் ஆன்ல இருந்தா அவன் வாங்கின கேம நீயும் ஆடலாம். நாடு இந்தியான்னு போடுங்க, அப்புறம் மாத்த முடியாது. மணி அண்ணே, வாங்கும்போது பெட்டில எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் இருக்கணும், பெட்டி மேல இருக்கற சீரியல் நம்பரும் மெஷின் மேல இருக்கறதும் ஒன்னா இருக்கணும், ஜிஎஸ்டி பில் வாங்கு. வெளிநாட்டு பீஸ் யாரு கொறச்சு குடுத்தாலும் வேணாம், இங்க வாரண்டி கெடையாது.

மணி: சரி. 4கே டிவின்னா டிஸ்க் பிஎஸ்5. பழைய டிவின்னா...

பிரவீண்: அப்பவும் பிஎஸ்5 மாமா. டிவி பின்னாடி மாத்தலாம், சதீஷ் மாமா டிஸ்க் இருக்கு

சதீஷ்: நான் இன்னும் சரின்னு சொல்லல

சுதா: அவரு டூட்டி முடிச்சு வரட்டும், டிவி கேட்டு சொல்றேன்

தினேஷ்: சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட் போலாம்ணே. தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறி கவர்ன்மெண்ட் எஸ்டேட்ல இறங்கிடு, நான் 11 மணிக்கு அங்க நிக்கறேன்

லதா அத்தை: சனிக்கிழமை ராகு காலம் 9ல இருந்து 10:30. அதுக்கு அப்புறம் கிளம்புங்க

சுதா: தினேஷு, ஆசாரி கேக்கறாரு. பின்பலகை மொத்தமா எடுக்கணுமா, ஓட்டை போட்டா போதுமாம்?

தினேஷ்: மொத்தமா எடுக்கச் சொல்லுங்கக்கா. ஓட்டை ஒயருக்குப் போதும், சூட்டுக்குப் பத்தாது