முதல் பைண்டர்: எம் வாங்குவதா, எல் வாங்குவதா? கூடவே சென்னை வெயில்

பார்க் ஸ்டேஷன் பையன்

அண்ணன்களுக்கு வணக்கம். வயது 24, திருநம்பி. அடுத்த மாதம் வேலையில் சேர்கிறேன். இத்தனை நாள் வீட்டிலேயே இருந்ததால் ஸ்போர்ட்ஸ் பிராவும் தொளதொள டீ-ஷர்ட்டும் போதுமாக இருந்தது, இனி சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டுப் போக வேண்டும், அதனால் மார்பை அமுக்கித் தட்டையாகக் காட்டுகிற உள்ளாடை, அதாவது பைண்டர், முதல் முறையாக வாங்கப் பார்க்கிறேன்.

இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். மார்பு பெருத்த இடத்தில் 38, அதற்குக் கீழே 33, தோள் அகலம் 15. நான் பார்த்து வைத்திருக்கும் கடையின் சைஸ் பட்டியலில் 38-இல்தான் எம் முடிகிறது, எல் தொடங்குவதும் அங்கேதான். சிறிய சைஸ் வாங்கினால் இன்னும் தட்டையாகத் தெரியும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், சரியா?

அப்புறம் நேரம். தாம்பரத்தில் ரயில் ஏறி பார்க்கில் இறங்க வேண்டும். காலை எட்டுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழாகும். எல்லோரும் எட்டு மணி நேரத்துக்கு மேல் போடாதே என்கிறார்கள், எனக்குப் பதினொன்று வருகிறது. ரயிலில் பொதுப் பெட்டியில் ஏறுகிறேன், அங்கேதான் எனக்கு இது ரொம்பத் தேவை, அங்கே கழற்றி வை என்று சொல்லிவிடாதீர்கள்.

பார்சல் வந்து சேரும் வரை மெடிக்கலில் கிரேப் பேண்டேஜ் வாங்கிச் சுற்றிக்கொள்ளலாமா? வீட்டில் அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது.


கொத்தவரங்காய்

எல். யோசிக்கவே வேண்டாம்.

இரண்டு சைஸுக்கு நடுவில் நின்றால் எப்போதும் பெரியதுதான். சிறியதைப் போட்டால் அக்குள் பக்கமும் கழுத்துக்குக் கீழேயும் சதை பிதுங்கும், சட்டைக்கு மேல் அதுதான் முதலில் கண்ணில் படும், மூச்சு முட்டுவது தனிக் கதை. அந்த வீடியோக்காரர் அதைப் போட்டுக்கொண்டு எத்தனை நேரம் இருந்தார் என்று வீடியோவில் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

தோள் அளவு எடுத்தது நல்லது, பாதிப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். ஜிசி2பி மாதிரியான கம்பெனிகள் அதையும் கேட்பதற்குக் காரணம் உண்டு. முன்பக்கத் துணி இழுபடாத கெட்டித் துணி, தோள் அகலமாக இருந்து துணி குறுகலாக இருந்தால் அக்குளில் அறுக்கும். மார்பு அளவுக்கு ஒரு சைஸும் தோளுக்கு வேறு சைஸும் வந்தால் பெரியதை எடுங்கள். ஒரு முறை மறுபடி அளந்து பாருங்கள், உள்ளே ஒன்றும் போடாமல், முதுகுப் பக்கம் டேப் கீழே சரியாமல், மூச்சை இழுத்துப் பிடிக்காமல்.

கிரேப் பேண்டேஜ் வேண்டவே வேண்டாம். அது சுளுக்குக்கு, வீக்கத்தை அழுத்திப் பிடிக்கச் செய்தது. நெஞ்சில் சுற்றினால் நீங்கள் அசைய அசைய இறுகும், விலா விரிய இடம் கொடுக்காது, விலா எலும்பு விரிசல் வரைக்கும் கொண்டுபோகும். பார்சலை ஒட்டும் டேப் அதைவிட மோசம், தோலையும் உரிக்கும். பார்சல் வரும் வரைக்கும் இப்போது போடுகிற ஸ்போர்ட்ஸ் பிராவே இருக்கட்டும், மேலே ஒரு கெட்டியான பனியன், அதற்கு மேல் கட்டம் போட்ட அடர் நிறச் சட்டை. வெள்ளையும் மெல்லிய துணியும் மட்டும் கூடாது.

நீளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் ஊருக்கு அதுதான் முக்கியம். விலாவோடு முடிகிற அரை பைண்டர் ஒன்று, இடுப்பு வரை வருவது இன்னொன்று. முழுசு வயிற்றையும் சேர்த்து அமுக்கும், கீழே பிதுங்காது, ஆனால் உட்கார்ந்தால் சுருண்டு மேலே ஏறும், சித்திரை வைகாசியில் அதைப் போட்டுக்கொண்டு ரயிலில் நின்று பாருங்கள், வேண்டாம். அரை பைண்டர் எடுங்கள். ஆள் ரொம்பக் கனமாக இருந்து கீழ் ஓரத்தில் சதை வெளியே வந்தால்தான் முழுசைப் பற்றி யோசிக்க வேண்டும், உங்கள் அளவுக்கு அந்தப் பிரச்சினை வராது என்றுதான் தோன்றுகிறது.

வந்ததும் செய்ய வேண்டியது: போட்டுக்கொண்டு ஆழமாக மூச்சு இழுங்கள், இரண்டு கையையும் மேலே தூக்குங்கள், தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள், குனிந்து ஷூ லேஸ் கட்டுங்கள். பக்கவாட்டில் இரண்டு விரல் நுழைய வேண்டும். புதுசு கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் இதில் எதைச் செய்யும்போது வலித்தாலும் அது உங்கள் சைஸ் இல்லை. போட்ட பிறகு உள்ளே கைவிட்டு மார்பைக் கீழாகவும் வெளிப்பக்கமாகவும் ஒதுக்கிவிடுங்கள். நடுவில் சேர்ந்து கிடந்தால் ஒரே மேடாகத் தெரியும், எவ்வளவு நல்ல பைண்டராக இருந்தாலும்.

இன்னொன்று, இஸ்திரி போட்ட மாதிரி தட்டையாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆண்களுக்கும் மார்பில் மேடு இருக்கிறது, ரயிலில் சுற்றி நிற்கிறவர்களைப் பாருங்கள்.


மதுரை பிசியோ

நான் திருநம்பி இல்லை, பிசியோதெரபிஸ்ட். முதுகு வலி, தோள் வலி என்று வருகிறவர்களில் பைண்டர் போடுகிறவர்களும் உண்டு, அவர்களில் பலர் அதைச் சொல்லவே தயங்குவார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மூச்சு இழுக்கும்போது கீழ் விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும். அதைத் தடுத்தால் உடம்பு சும்மா இருக்காது, கழுத்துத் தசையையும் தோளையும் தூக்கி மேல் நெஞ்சால் மூச்சு விடப் பழகிவிடும். சாயங்காலம் வருகிற கழுத்து வலிக்குப் பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதி கூன் போடுவது. பைண்டர் போட்ட பிறகும் பழைய பழக்கத்தில் தோளை முன்னால் வளைத்து மறைப்பார்கள். நிமிர்ந்து நின்றால்தான் சட்டை நேராக விழும், வளைந்தால் அந்த இடத்தில் சட்டை தனியாகத் தொங்கி உள்ளதைக் காட்டிக்கொடுக்கும்.

எட்டு மணி நேரக் கணக்கைப் பற்றி. விற்கிறவர்களும் திருநர் அமைப்புகளும் பொதுவாகச் சொல்லும் வரம்பு அது, ஏழு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் வரை பத்திரம் என்று அர்த்தம் இல்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் 1800 பேரிடம் கேட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு இருந்தது, முதுகு வலியும் உடம்பு சூடாவதும் முன்னணியில். ஆனால் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது என்று சொன்னவர்களும் அவர்களேதான், அதனால் போடாதே என்று யாரும் சொல்லவில்லை. அதில் நான் கவனித்தது, வாரத்தில் எத்தனை நாள் போடுகிறார்கள் என்பதோடுதான் தொந்தரவுகள் அதிகமாகச் சேர்ந்து வந்தன. கடையில் வாங்கிய நல்ல பைண்டர் போட்டவர்களுக்கும் தொந்தரவு குறையவில்லை. ஆகவே லீவு நாளில் கழற்றிவிடுங்கள். அது எல்லா பிராண்டையும் விடப் பயன் தரும்.

தூங்கும்போது கூடாது, ஓட்டம், ஜிம், கிரிக்கெட் எதற்கும் கூடாது. கை மரத்துப்போனால், தலை சுற்றினால், மூச்சை முழுசாக இழுக்க முடியாமல் போனால் எந்த இடமாக இருந்தாலும் பாத்ரூமுக்குப் போய்க் கழற்றுங்கள், வேலை கெடுமே என்று பார்க்க வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். கழற்றியதும் இரண்டு தடவை இருமிவிட்டு நன்றாக மூச்சு இழுத்து விடுங்கள், வாசற்படி நிலையில் இரண்டு கையையும் ஊன்றி நெஞ்சை முன்னால் தள்ளி நீட்டுங்கள். வேலையில் சேருவதற்கு முன்பே வீட்டில் தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் போட்டுப் பழகுங்கள், முதல் நாளே முழுநாள் போடாதீர்கள்.


பனிக்காலம்

தம்பி, நான் யாழ்ப்பாணம், இப்ப இருப்பது கனடாவில், ஸ்கார்பரோவில். இங்கே குளிருக்கு மூன்று உடுப்பு மேலே மேலே போடுவதால் குளிர்காலத்தில் பைண்டர் தேவையே குறைவு, ஆனால் வெயில் காலத்தில் நானும் உங்கள் கட்சிதான்.

பதினொரு மணி நேரத்துக்கு என்னுடைய வழி, வேலைக்குப் போகும் வழியில் ஒன்று, வேலையில் ஒன்று. பஸ்ஸில் போகும்போது இறுக்கமான ஸ்போர்ட்ஸ் டாப், வேலைக்குப் போய்ப் பைண்டர், திரும்பி வரும்போது மறுபடி டாப். பொதுப் பெட்டியில்தான் தேவை என்று சொன்னீர்கள், விளங்குது. ஆனால் சென்னையில் நான் இருந்த காலத்தில் அந்த ரயில்களில் நெரிசலுக்காக எல்லாப் பொடியன்களும் முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். நீங்களும் அப்படியே மாட்டுங்கோ, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சட்டையை ரயிலில் வெளியே விட்டுப் போங்கோ, ஆபீஸில் உள்ளே விடலாம்.

ஆபீஸில் கதவு பூட்டுகிற தனி டாய்லெட் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து வையுங்கோ. சக்கர நாற்காலிக்காரருக்கு உள்ளது பெரும்பாலும் விசாலமாக இருக்கும், ஆனால் அதை அரை மணி நேரம் பூட்டி வைத்திருக்கக் கூடாது, தேவைப்படுகிறவர்கள் வெளியே நிற்பார்கள். தலை வழியாகப் போடுகிற பைண்டரை வியர்த்த உடம்பில் ஏற்றுவது பெரிய பாடு, கை சிக்கிக்கொள்ளும். உள்பக்கம் வெளியே வரும்படி தலைகீழாகப் பிடித்து, காலுக்குள்ளால் விட்டு இடுப்பு வரை ஏற்றி, பிறகு மேல்பாதியை மடித்துத் தூக்கிக் கையை விட்டால் சுலபம். அதுவும் சரிவராவிட்டால் பக்கத்தில் கொக்கியோ முன்னால் ஜிப்போ வைத்தது எடுங்கோ. கொக்கி மெல்லிய சட்டையில் கொஞ்சம் தெரியும், அதற்கு நான் கவலைப்படுவதில்லை.


வேர்க்குரு

கோயம்புத்தூர். எனக்குப் பைண்டரே ஒத்துவரவில்லை, பேரைப் பார்த்தாலே தெரியும்.

டேப் என்று ஒன்று இருக்கிறது, விளையாட்டு வீரர்கள் முட்டியிலும் தோளிலும் ஒட்டிக்கொள்வார்களே, இழுபடுகிற பருத்தி டேப், அந்த வகை. மார்பை அக்குள் பக்கமாக ஒதுக்கி ஒட்ட வேண்டும், ஒரு பக்கத்துக்கு ஒரு துண்டு, உடம்பைச் சுற்றி மட்டும் ஒருபோதும் ஒட்டக் கூடாது. விலாவை அமுக்காது, குளிக்கலாம், சில நாள் அப்படியே இருக்கும். காம்பின் மேல் சின்னப் பஞ்சோ காஸ் துணியோ வைத்துவிட்டு ஒட்டுங்கள். டேப்பின் இரண்டு முனையையும் இழுக்காமல் ஒட்ட வேண்டும், இழுத்தால் அங்கே கொப்புளம் வரும். முதலில் கையின் உள்பக்கம் ஒரு சின்னத் துண்டு ஒட்டி ஒரு நாள் பாருங்கள், அரித்தால் உங்களுக்கு அது ஆகாது.

எடுக்கும்போது பிய்த்து இழுக்காதீர்கள். தேங்காய் எண்ணெயை நிறையத் தடவி ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும்.

ஆனால் 38 அங்குலத்துக்கு டேப் அவ்வளவாகத் தட்டையாக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். லீவு நாளில் வெளியே போக நன்றாக இருக்கும்.

பைண்டர் போடுவதாக இருந்தால் உள்ளே கை இல்லாத மெல்லிய காட்டன் பனியன் போட்டு அதற்கு மேல் போடுங்கள், வியர்வையை அது குடித்துக்கொள்ளும். கழற்றியதும் அந்த இடத்தைக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். மடிப்பில் ஈரம் நின்றால் வேர்க்குருவோடு போகாது, படர்தாமரை வரும், அது வந்தால் மெடிக்கலில் கேட்டுக் கண்ட களிம்பைத் தடவாமல் தோல் டாக்டரிடம் போங்கள். முடிந்தால் இரண்டு வாங்குங்கள், ஒன்று காயும்போது ஒன்று.


சும்மா படிக்கிறவன்

அப்பா பார்சலைப் பிரிப்பார் என்றால் ஒரு யோசனை. மார்பு பெருத்த ஆண்களுக்கென்று இறுக்க பனியன்கள் விற்கிறார்கள், ஆன்லைனில் நம் ஊரிலேயே கிடைக்கிறது, டப்பாவில் ஆண் படம்தான் இருக்கும். அண்டர்வொர்க்ஸ் மாதிரி வெளிநாட்டுக் கம்பெனிகளும் அவர்களுக்கும் திருநம்பிகளுக்கும் சேர்த்தே தைக்கிறார்கள். ஆனால் மலிவாக வருகிற பல வயிற்றை அமுக்கச் செய்தவை, நெஞ்சுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, சூடும் அதிகம். போட்டோவைப் பார்த்து ஏமாறாமல் எந்த இடத்தில் இரட்டைத் துணி இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.


பார்க் ஸ்டேஷன் பையன்

எல்லோருக்கும் நன்றி. எல், அரை பைண்டர், முடிவு. பையை முன்னால் மாட்டுவது எனக்குத் தோன்றவே இல்லை, தினமும் பார்க்கிற விஷயம். பார்சலை நண்பன் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.

மிச்சம் இரண்டே சந்தேகம். ஆபீஸில் வெளிர் நிறச் சட்டைதான் சீருடை, பைண்டர் வெள்ளையில் எடுப்பதா? துவைத்துக் காயப்போடுவது எங்கே? மொட்டை மாடிக் கொடியில் போட்டால் தெருவுக்கே தெரியும்.


கொத்தவரங்காய்

வெள்ளை வேண்டாம், வெளிர் சட்டைக்குள் வெள்ளைதான் பளிச்சென்று ஓரம் தெரியும். உங்கள் தோல் நிறத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற பழுப்பு எடுங்கள், ஜிசி2பி மாதிரி இடங்களில் அதிலேயே பல அளவு நிறம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

துவைப்பது கையால், பச்சைத் தண்ணீரில், சாதாரண சோப்பு. பிளீச் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, சூடு பட்டால் இழுவை போய்விடும், அதனால் மொட்டை மாடி வெயில் எப்படியும் ஆகாது. துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, ராத்திரி உங்கள் அறையில் ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகில் போட்டால் போதும். அம்மா பார்த்தாலும் அவருக்குத்தான் தெரியுமே. அப்பா கேட்டால் முதுகு வலிக்கு பெல்ட் என்று சொல்லுங்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலைதானே, நம்புவார்.

போட்டுப் பார்த்து முடிவு செய்யும் வரை டேக்கைக் கிழிக்காதீர்கள், துவைக்கவும் வேண்டாம். இரண்டில் ஒன்று செய்தால் மாற்றித் தர மாட்டார்கள்.