நெகட்டிவ் முழுக்க வெடித்த வயல் போலக் கோடுகள்: எங்கே தவறினேன்?

கேட்டவர், கும்பகோணம்:
வீட்டில் கழுவிய மூன்றாவது ரோல் இது. எச்பி5 பிளஸ் கருப்பு-வெள்ளை ஃபிலிம். படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து டி-76 டெவலப்பர், ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர், 20 டிகிரியில் 11 நிமிடம். சித்திரை வெயிலில் 20 டிகிரிக்கு எங்கே போவது? டெவலப்பரையும், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவையும் ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிரவைத்தேன். கடைசியில் குழாயடியில் அலசினேன். காய்ந்த பிறகு பார்த்தால் அரசலாற்று மணல், கரையில் நின்ற மாடு, எல்லாவற்றின் மேலும் நீர் வற்றிய வயல் வெடித்ததுபோல் மெல்லிய கோட்டு வலை. லென்ஸில் பூஞ்சையா? ஃபிலிம் பழசா? இன்னும் இரண்டு ரோல் மிச்சம். தொடவே பயமாக இருக்கிறது.

பதில், தஞ்சாவூர்:
ஓரத்தில் அச்சான எண்களின் மேலும் கோடுகள் உண்டா? மங்கலான பக்கத்தை டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பாருங்கள், மேடு பள்ளம் தெரிகிறதா? குழாய்த் தண்ணீர் எத்தனை டிகிரி?

கேட்டவர்:
எண்களின் மேலும் இருக்கிறது. சாய்த்தால் காய்ச்சிய பாலின் ஆடை சுருங்கியதுபோல் தெரிகிறது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர், மதியம் மூன்று மணி. இப்போதுதான் அளந்தேன்: 38.

பதில், தஞ்சாவூர்:
அப்படியானால் லென்ஸ் தப்பித்தது; ஓரத்து எண்களுக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமில்லை. இது ரெட்டிகுலேஷன். ஃபிலிம் மேல் படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு 20 டிகிரியில் ஊறியிருந்து, திடீரென்று 38இல் விழுந்ததும் தாறுமாறாக உப்பிச் சுருங்கிவிட்டது. இதைத் திருத்த முடியாது. மாட்டைச் சிறிய அளவில் பிரிண்ட் போட்டுப் பாருங்கள், கண்ணை உறுத்தாமல் போகலாம்.

பதில், மயிலாடுதுறை (ஸ்டூடியோ நடத்தி ஓய்ந்தவன்):
தம்பி, 20ஐத் துரத்தாதீர்கள். டெவலப்பர், ஹைப்போ, அலசும் தண்ணீர் மூன்றும் ஒரே சூட்டில் இருப்பதுதான் முக்கியம். முதல் நாள் இரவே மண்பானையில் தண்ணீர் பிடித்து வையுங்கள். புட்டிகளை அதே தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டில் நிறுத்தி, விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள். இதே கலவைக்கு 24 டிகிரியில் சுமார் ஏழரை நிமிடம், 26இல் சுமார் ஆறு. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் சீராக ஏறாது. சூட்டில் ஜெலட்டின் இளகியிருக்கும். ஈரத்தில் விரலால் வழிக்கக் கூடாது. நாங்கள் ஹைப்போவில் படிகாரம் சேர்த்து அதை இறுக்குவோம்.

பதில், தஞ்சாவூர்:
ஐயா சொல்வது சரி. ஆனால் கடைப் படிகாரத்தைப் பொடித்து வெறும் ஹைப்போவில் கொட்டிவிடாதீர்கள், கந்தகம் பிரிந்து பால்போல் கலங்கும். அந்தக் காலக் கலவையில் சல்ஃபைட்டும் அசெட்டிக் அமிலமும் உண்டு.

கேட்டவர், ஒன்பது நாள் கழித்து:
பானைத் தண்ணீர், காலை ஐந்தரை மணி, எல்லாம் 26. கோடு ஒன்றுகூட இல்லை! ஆனால் கொடியில் காயப்போட்ட நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் நெல் தூற்றினார்கள். மூன்று ஃப்ரேமில் உமித்தூசி ஒட்டிக் காய்ந்திருக்கிறது. சுரண்டலாமா?

பதில், மயிலாடுதுறை:
சுரண்டவே கூடாது. அதே பானைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள், பெரும்பாலும் தானாக மிதந்து வந்துவிடும். இந்த முறை குளியலறைக்குள் கதவைச் சாத்திக் காயப்போடுங்கள்.