புதுப்பிப்பு: ஸ்கேனியா கேபினில் படர்ந்த வெள்ளை போய்விட்டது

என் 1/24 அளவு ஸ்கேனியா லாரி மாடலின் கேபினுக்குக் கருநீல லாக்கர் பெயிண்ட் அடித்ததும் புகை போல வெள்ளை படர்ந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பெயிண்டில் குறையில்லை, நம்ம சிங்கப்பூர் ஈரப்பதம்தான் காரணம்: பெயிண்டை நீர்க்கவைக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்துவிடுகிறது. யீஷூன் வீட்டில் மழை விட்ட கையோடு ஜன்னலைத் திறந்துவைத்து அடித்தது என் தவறு.

சுரண்டவில்லை. இரண்டு மணி நேரம் ஏர்கான் ஓடவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, ரிடார்டர் (ஆவியாவதை மெதுவாக்கும் திரவம்) கலந்த தின்னரை மட்டும் ஏர்பிரஷில் மெல்லிசாக விட்டேன், பூச்சு லேசாக இளகி ஈரம் வெளியேறி நீலம் அப்படியே திரும்பி வந்தது!

அப்புறம் கதவு எழுத்து. அப்பா துவாஸுக்கு ஓட்டிய லாரியில் 12 செ.மீ. உயரத்தில் இருந்தது, இதில் 5 மி.மீ., அதைக் கையால்தான் எழுதப்போகிறேன்.