உதவி தேவை: வெள்ளைக் குவார்ட்ஸ் மேடையும் இண்டக்‌ஷன் அடுப்பும் எங்கள் சமையலுக்குப் பொருந்துமா?

பொங்கோல்வாசி (வினா)

வணக்கம். சிங்கப்பூரின் பொங்கோலில் எங்களுடைய நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாவியைச் சென்ற மாதம் பெற்றுக்கொண்டோம். சமையலறை வரைபடத்துக்கு வரும் சனிக்கிழமைக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்று வீட்டைப் புதுப்பிக்கும் குத்தகையாளர் கேட்கிறார். வெள்ளை நிறக் குவார்ட்ஸ் மேடையும், அதில் பதிக்கும் மூன்று வட்ட இண்டக்‌ஷன் அடுப்பும் அவருடைய பரிந்துரை. கொதிக்கும் சட்டியை அப்படியே மேடையில் இறக்கலாம், கறை என்பதே படியாது என்று காட்சிக்கூடத்தில் அடித்துச் சொன்னார்கள். எங்களுடன் வந்து தங்கவிருக்கும் அத்தை இருப்புச்சட்டியில் தாளித்தே பழகியவர். அவரிடம் அகலமான தோசைக்கல்லும், பித்தளைப் பானையும், ஈயச் சொம்பும் இருக்கின்றன. குழாய் எரிவாயு வீட்டுக்குள் வந்திருக்கிறது, ஆனால் இணைப்பை இன்னும் திறக்கவில்லை. முதலில் எதை முடிவு செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

தேக்கா சமையற்காரி

கல்லைப் பிறகு பார்க்கலாம் அம்மா, முதலில் பாத்திரங்களைப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் இண்டக்‌ஷனில் சூடேறும். பித்தளை, செம்பு, அலுமினிய இட்லிப் பானை, மண்சட்டி ஆகியவை சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறா. எவர்சில்வரிலும் எல்லாம் ஒட்டுவதில்லை. இரும்புத் தோசைக்கல் ஒட்டும், ஆனால் அடியிலுள்ள கம்பிச்சுருள் கல்லைவிடச் சிறியதாக இருந்தால் நடு மட்டும் முறுகி, ஓரம் வெளுத்தே கிடக்கும். அடி வளைந்த இருப்புச்சட்டியும் தட்டையான கண்ணாடியில் சரியாக அமராது. ஈயச் சொம்புக்கு இண்டக்‌ஷன் ஆகவே ஆகாது. எரிவாயுவிலும் புளித்தண்ணீரை ஊற்றிய பின்னரே ஏற்ற வேண்டும், ஏனெனில் ஈயம் என்று நாம் அழைக்கும் அந்த வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும்.

என் மகள் புதுமனை புகுந்த அன்று பால் காய்ச்சப் பித்தளைப் பானையை இண்டக்‌ஷனில் வைத்தோம். அடுப்பு பிழைக்குறியைக் காட்டிவிட்டு அடங்கிப் போனது. நல்ல நேரம் முடிவதற்குள் மருமகன் கீழ்த்தளக் கடைக்கு ஓடி, கேன் எரிவாயுவில் எரியும் கையடக்க அடுப்பை வாங்கி வந்த பிறகுதான் பால் பொங்கியது.

ஆறாண்டுக் குவார்ட்ஸ்

வெள்ளைக் குவார்ட்ஸ் மேடையோடு ஆறு ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காட்சிக்கூடத்தில் சொன்னதை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் குவார்ட்ஸ் துகள்தான் என்றாலும், அத்துகளைப் பிணைத்து நிற்பது பிசின். ஏறத்தாழ 150 பாகையைத் தாண்டினால் பிசின் நிறம் மாறும், சில வேளைகளில் பலகையே விரிசல் விடும். தாளிக்கக் காயும் எண்ணெயோ 180 பாகையை எளிதாகக் கடக்கும். எங்கள் மேடையில் குக்கரின் அடியளவில் ஒரு மஞ்சள் வட்டம் உண்டு, அது இனிப் போகாது. மஞ்சள்தூள் கறை வேறு கதை. அதன்மேல் காரத்தன்மையுள்ள சலவைநீரை ஊற்றினால், சுண்ணாம்பு பட்ட மஞ்சள் குங்குமமாவதைப் போலவே, கறை சிவந்து இன்னும் எடுப்பாகத் தெரியும். உடனே துடைப்பதும், மிஞ்சியதை வெயில் படவிட்டு வெளுக்கச் செய்வதுமே பலன் தந்தன.

பிசின் இல்லாத சின்டர்டு கல்லை 1,200 பாகைக்கு மேல் சுட்டு எடுப்பதால், அது சூட்டையும் கறையையும் நன்றாகத் தாங்கும். ஆனால் மாவரைக்கும் கிரைண்டரின் கல்லைத் தவறி ஓரத்தில் போட்டுவிட்டால் பெயர்ந்துவிடும். கறுப்புக் கிரானைட் அழகில் சற்றுப் பழையது என்பார்கள். அவ்வப்போது மேற்பூச்சு கொடுத்து வந்தால், நம் சமையலுக்கு அதைவிட மன்னிக்கும் கல் எனக்குத் தெரிந்து இல்லை. எதை வாங்கினாலும் பட்டறையில் நீர் பாய்ச்சி அறுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். குவார்ட்ஸ் பலகையை அறுக்கும் தூசு தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுப்பதால்தான் ஆஸ்திரேலியா அதை 2024 ஜூலை 1 முதல் தடை செய்தது.

பிரிமணை போதும்

மேலே உள்ளவர் சற்று மிகைப்படுத்துகிறார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் குவார்ட்ஸ்தான். அடுப்பின் இருபுறமும் பிரிமணை கிடக்கும், எந்தச் சட்டியும் நேராகக் கல்லைத் தொடாது, இதுவரை ஒரு தழும்பும் இல்லை. ஆனால், வீட்டில் சமைக்கும் அனைவரும் அந்தப் பழக்கத்துக்கு உடன்பட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மின்பணியாளர்

சகோதரி, மின்சாரத்தை யாரும் தொடவில்லையே. நம் சுவரிலுள்ள 13 ஆம்பியர் செருகி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,000 வாட் மட்டுமே தரும். மூன்று வட்ட அடுப்புகள் பலவும் முழு வேகத்தில் 7,000 வாட்டைத் தொடுவதால், அவற்றுக்குத் தனி மின்கம்பி இழுக்க வேண்டும். புதிய வீவக வீட்டின் முதன்மை விசை 40 ஆம்பியர், அதாவது வீடு முழுமைக்கும் சுமார் 9,200 வாட். குளிரூட்டியும் வெந்நீர்க் கருவியும் அதற்குள்தான் அடங்க வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளர் சுமையைக் கணக்கிட்டுத் தராமல் ஒப்புதல் அளிக்காதீர்கள்.

எரிவாயு என்றால், இங்குக் குழாயில் வருவது ஹைட்ரஜன் மிகுந்த நகர எரிவாயு. சிலிண்டருக்குச் செய்த அடுப்பை அதில் அப்படியே இணைக்க முடியாது என்பதால், வாங்கும்போதே எந்த எரிவாயு என்று கடையில் சொல்லிவிடுங்கள். இணைப்பையும் உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரே கொடுக்க வேண்டும். அகலமான அண்டா வைக்கும் வீட்டுக்குக் கண்ணாடித் தளத்தைவிட எவர்சில்வர் தளம் நல்லது. பாத்திரத்தின் அடியில் தேங்கும் வெப்பத்தால் கண்ணாடி வெடித்த அடுப்புகளை நான் கழற்றியிருக்கிறேன்.

பொங்கோல்வாசி

அனைவருக்கும் நன்றி. காந்தத்தோடு அத்தையின் பெட்டியைத் திறந்தோம். பதினோரு பாத்திரங்களில் நான்கு மட்டுமே ஒட்டின. எனவே நகர எரிவாயுவில் இரண்டு எரிப்பான் கொண்ட எவர்சில்வர் அடுப்பையும், அதன் பக்கத்தில் 13 ஆம்பியர் செருகியிலேயே இயங்கும் ஒற்றை வட்ட இண்டக்‌ஷனையும் வைக்க முடிவு செய்துள்ளோம். மேடைக்குக் கறுப்புக் கிரானைட். வெள்ளைதான் வேண்டும் என்றிருந்த கணவர், மஞ்சள் வட்டத்தின் கதையைப் படித்துவிட்டு அமைதியாகிவிட்டார். இரண்டு அடுப்புகளுக்கும் அருகருகே துளை வெட்டினால் கல் பலவீனமாகுமா?

ஆறாண்டுக் குவார்ட்ஸ்

ஆகும், இடையில் மிஞ்சும் கல் குறுகலாக இருந்தால். அடுப்புகளை முதலில் வாங்கி, அவற்றின் கையேட்டிலுள்ள இடைவெளி அளவுகளோடு கல் அறுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வரைபடத்தை மட்டும் நம்பி வெட்டவிடாதீர்கள். துளையின் உள்மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக வெட்டச் சொல்லுங்கள், விரிசல் பெரும்பாலும் அந்த மூலையிலிருந்துதான் புறப்படும்.